ஜெனரேட்டர் அறை

விடிந்தும் விடியாததுமாக ஆயா செல்லம்மா கூடத்துக்குள் வந்து, கட்டில் கட்டிலாகப் படுத்திருந்தவர்களின் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். பழைய வேட்டிகளை நீளவாக்கில் கிழித்து முறுக்கிய பட்டைகள் அவை. இரவெல்லாம் இழுபட்டு இறுகிப்போன முடிச்சுகளைப் பல்லால் கடித்துத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் சுருட்டிக் கையிலிருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். கூடத்தை ஒட்டிய சின்ன அறையின் வாசலில் நின்று காமு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமி, பாத்துகினு நிக்கிற? உன் ஊட்டுக்காரரு கட்டையும் அவுத்து வுடு. ஆபீசரம்மா இன்னிக்கு வராங்களாம். ஒரு துணி கண்ல படக் கூடாதுன்னு ஓனரு சொல்லிகீறாரு."

காமு அறைக்குள் திரும்பினாள். ராஜகோபாலன் விழித்துத்தான் படுத்திருந்தார். இடது கை கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. அவள் முடிச்சை அவிழ்த்ததும் கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், அது யாருடையதோ என்பதுபோல. மணிக்கட்டைச் சுற்றித் தோல் கறுத்து, நடுவில் செக்கச்செவேலென்று ஒரு வளையம். தேங்காய் எண்ணெயைத் தொட்டு அங்கே தடவினாள். எண்ணெய் பட்டதும் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"எங்க போகணும்?" என்று கேட்டார் அவர்.

"எங்கயும் போக வேண்டாம். கையை நீட்டுங்கோ."

"சில்லறையா குடுங்கோ. பின்னாடி நெறய பேர் நிக்கறா."

முப்பது வருஷத்துக்கு மேல் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். ஓய்வு பெற்ற சில வருஷங்களில் முதலில் நண்பர்களின் பெயர்கள் போயின, பிறகு தெருவின் பெயர், பிறகு ஒரே மகன் பத்ரியின் முகம். கடைசியில் ஒரு நாள் பரனூர் பக்கம் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவரைக் கேங்மேன்கள் கூட்டிவந்து விட்டார்கள். மறுபடியும் வெளியே கிளம்பியபோது தடுக்கப் போன காமுவை அவர் தள்ளிவிட்டதில் அவள் கை எலும்பு முறிந்தது. மஸ்கட்டிலிருந்து பறந்து வந்த பத்ரி, விடுப்பு முடிவதற்குள் வீட்டை விற்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்த இந்த இல்லத்தில் அந்தப் பணத்தை வைப்புத் தொகையாகக் கட்டினான். மறதி நோய்க்காரர்கள், மனம் பிசகியவர்கள், படுக்கையில் விழுந்தவர்கள் எல்லாரையும் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் இடம். அப்பாவை மட்டும் விட்டுவிட்டு அம்மா தன்னோடு வரவேண்டும் என்பது அவன் ஏற்பாடு. காமு மாட்டேனென்றுவிட்டாள். நல்ல நினைவோடும் நடமாட்டத்தோடும் அந்த இல்லத்தில் சேர்ந்த ஒரே ஆள் அவள்தான்.

அவரைக் கட்டியதும் அவள்தான். சேர்ந்த மாதத்திலேயே ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் தோப்பைத் தாண்டிப் போய்விட்டார். இடுப்பளவு அலையில் நின்றுகொண்டிருந்தவரை மீனவர்கள் இழுத்துவந்தார்கள். மறுபடியும் அப்படி நடந்தபோது நுரையோடு உப்புத் தண்ணீரைக் குடித்திருந்தார். அன்று மாலை அவளே தன் கையால் அவருடைய எட்டு முழ வேட்டியைக் கிழித்தாள். கிழியும் சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தது இன்றைக்கும் அவள் கண்ணில் நிற்கிறது.

வெளியே கூடத்தில் யாரோ முனகும் சத்தம். காமு எட்டிப் பார்த்தாள். செல்லம்மாவும் தோட்டக்காரனும் வசந்தாவைப் படுக்கை விரிப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தா மறைமலைநகரில் தையல் ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகள் இல்லை. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபின் அண்ணன் மகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனான். இடது கை மட்டும் அவளுக்கு மிச்சம். தினமும் காமு தலை வாரிவிடும்போது அந்தக் கையால் காமுவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். துணியை விரலிடுக்கில் உருட்டி, நூலின் தரத்தைப் பார்ப்பதுபோலத் தடவிக்கொண்டே இருப்பாள். இரண்டு மாதமாக அவளுடைய இடுப்பில் புண். புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. முன்பெல்லாம் ஆயாக்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தியாகத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். செல்லம்மா ஒருத்திதான் இத்தனை பேருக்கும் சோறு ஊட்டி, துடைத்து, மாற்றவேண்டும். புண் பெரிதாகி, இப்போது அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு போனார்கள்.

"எங்கடி தூக்கிண்டு போறேள் அவளை?"

"ஜெனரேட்டர் ரூமுக்கு. செத்த நேரந்தான் மாமி. ஆபீசரம்மா போனதும் இட்டாந்துருவோம்." செல்லம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உனுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? உள்ள போ."

வசந்தாவின் இடது கை விரிப்புக்கு வெளியே தொங்கியது. காமுவைக் கடக்கும்போது அது நீண்டு, காற்றில் எதையோ தேடியது. காமு நின்ற இடத்திலேயே நின்றாள்.

சற்று நேரத்தில் சடையப்பன் வந்தார். இல்லத்தின் சொந்தக்காரர். படாளத்துக்காரர், சாலையோர நிலங்களை வாங்கி விற்றுக் கொடுத்துப் பணம் பார்த்தவர். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆரம்பத்தில் அவரே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஊட்டிவிடுவார் என்று செல்லம்மா சொல்லிக் காமு கேட்டிருக்கிறாள். எப்போது அது நின்றதென்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. காமுவின் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாமி, நான் சுத்தி வளச்சுப் பேசல. போன வருசம் தெக்க சங்கிலியில கட்டிப் போட்டவங்க தீயில போய்ட்டாங்கல்ல, அதுலேருந்து கவர்மெண்டு புடி புடின்னு புடிக்கிறாங்க. லைசென்ஸ் இன்னும் வரல. ஏற்கனவே ஒருவாட்டி நோட்டீஸ் குடுத்துட்டாங்க. இங்க தெளிவாப் பேசற ஆளு நீங்க ஒருத்தர்தான். அந்தம்மா உங்ககிட்டதான் கேப்பாங்க."

காமு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள்.

"இதை மூடிட்டாங்கன்னு வைங்க, ஐயாவை மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திடுவாங்க. ஆம்பளைங்க வார்டு. உங்களை உள்ள விடமாட்டாங்க. அதை மட்டும் நெனச்சுப் பாருங்க." எழுந்து போகும்போது ராஜகோபாலனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வரட்டா ஐயா?"

"திரும்பி வரதுக்கும் சேத்தா?" என்று கேட்டார் ராஜகோபாலன்.

ஜீப் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அதிகாரி வசுமதிக்கு நாற்பது வயதிருக்கும். நூல் புடவை, தோளில் கறுப்புப் பை, கூட ஒரு டாக்டர். சமையலறையில் பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள். கழிப்பறைக்குள் மூக்கை மூடாமல் போய்வந்தாள். ஒவ்வொரு கட்டிலருகிலும் குனிந்து பெயர் கேட்டாள். பெயர் சொல்லத் தெரியாதவர்களின் கையை ஒரு கணம் பிடித்துவிட்டு நகர்ந்தாள். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் எல்லாரும் உரக்கப் பேசவேண்டியிருந்தது.

காமுவின் அறைக்கு வந்ததும் சடையப்பனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ராஜகோபாலனின் கையைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"இது என்னம்மா?"

"நான்தான் கட்டினேன். கடல்ல போய் எறங்கிடறார். ரெண்டு தடவை போயிட்டார்."

"நீங்க கட்டினாலும் தப்புதாம்மா. பாத்துக்க ஆள் போடணும். கட்டிப்போடறதுக்கா இவங்க இவ்வளவு பணம் வாங்கறாங்க? இதுக்கு அபராதம் எழுதத்தான் போறேன்." குரலில் கோபம் இல்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "கரண்ட் இருக்கே. எதுக்கு ஜெனரேட்டர் ஓடுது?"

ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அது மின்சாரத்தில் சுற்றுகிறதா, ஜெனரேட்டரில் சுற்றுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காலையிலிருந்து விளக்கு ஒரு முறைகூட அணையவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த இரைச்சல் எதை மூடுகிறது என்பதும் தெரியும். கதவுக்கு வெளியே சடையப்பனின் செருப்பு அங்குமிங்கும் நடந்தது.

"தெரியலை. டெஸ்ட் பண்றாளோ என்னவோ."

"பின்னாடி வேற யாராவது இருக்காங்களாம்மா? நான் பாக்காத யாராவது?"

அந்தப் பெண் காமுவின் கண்ணை நேராகப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும். பத்தடி நடந்து ஜெனரேட்டர் அறையின் தகரக் கதவைத் திறந்துவிடுவாள். காமு கணவரைப் பார்த்தாள். அவர் வசுமதியின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து சில்லறை வரும் என்று காத்திருப்பவர்போல.

"இல்லை," என்றாள் காமு.

ஜீப் போன பிறகும் வெகுநேரம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்த நினைக்கவில்லை. வசந்தாவைத் திரும்பத் தூக்கிவந்தபோது அவள் முகத்தில் டீசல் புகை கறுப்பாகப் படிந்திருந்தது. இருமிக்கொண்டே இருந்தாள். காமு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தலை வாரச் சீப்பை எடுத்தாள். வசந்தாவின் கை வழக்கம்போல முந்தானையைத் தேடி வரவில்லை. மார்பின்மேல் மூடியபடி அப்படியே கிடந்தது.

அபராதத்தைச் சடையப்பன் கட்டிவிட்டார். 'இங்கு யாரையும் கட்டி வைப்பதில்லை' என்று வாசலில் பெயிண்டால் எழுதிய பலகை ஒன்று வந்தது. கட்டுவது உண்மையிலேயே நின்றது. ஆள் மட்டும் கூடவில்லை. அதற்குப் பதில் மோர் சாதத்தில் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தார்கள். கூடம் அமைதியாகிவிட்டது. ராஜகோபாலன் கடலுக்குப் போகவில்லை. எங்கே போகவேண்டும் என்று யாரையும் கேட்கவுமில்லை. வாயோரம் எச்சில் வழிய, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காமு ஊட்டிய கவளம் தொண்டையில் நின்று, கண் செருகி, முகம் நீலம் பாரித்துவிட்டது. முதுகில் குத்திக் குத்தி அதை வெளியே கொண்டுவந்தபின் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே கைதானே கட்டியதும் என்று தோன்றியது. கட்டியிருந்தபோதாவது அவர் அவராக இருந்தார்.

அந்த வாரமே வசந்தா போய்விட்டாள். விடிகாலையில் செல்லம்மா வந்து கூப்பிட்டாள். குளிப்பாட்ட இன்னொரு பெண்கை வேண்டும். இருவரும் சேர்ந்து உடலைப் புரட்டினார்கள். இடுப்புப் புண்ணில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருந்தன. செல்லம்மா சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நா ஒருத்தி இன்னா மாமி பண்ணுவேன்? எத்தினி பேர நான் பொரட்டுவேன்? சொல்லு."

காமு தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். எறும்புகள் மிதந்து போயின. அண்ணன் மகன் மத்தியானம் வந்தான். முதுமையால் இயற்கை மரணம் என்று எழுதிய காகிதத்தை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை காமு செல்லம்மாவைக் கூப்பிட்டாள். "இவருக்கு இன்னிக்கு மாத்திரை குடுக்காதே. நான் வர வரைக்கும் பக்கத்திலயே இரு." செல்லம்மா எங்கே என்று கேட்கவில்லை. காமு சாலைக்கு வந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு இன்னொரு பஸ். மலையும் ஏரியும் ஜன்னலில் வந்து போயின. பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊர்ப்பக்கம். எந்த ஸ்டாப்பிலும் இறங்கிப் போக ஒரு வீடு இல்லை.

வசுமதியின் அலுவலகத்தில் நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகு உள்ளே அழைத்தார்கள். காமு எல்லாவற்றையும் சொன்னாள். தகரக் கதவு, டீசல் புகை, மாத்திரை, எறும்பு. வசுமதி காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நான் கேட்டேனே."

"கேட்டேள். எங்களுக்குப் போக்கிடம் இல்லைன்னு பயந்துண்டு சொல்லலை." காமு நிமிர்ந்தாள். "இன்னிக்கும் இல்லைதான்."

வசுமதி வெளியே பார்த்தபடி பேசினாள். "அந்தம்மாவை எரிச்சுட்டாங்க. இனிமே அதுக்குக் கேஸ் நிக்காது. லைசென்ஸ் இல்லாததுக்கு, மருந்து குடுத்ததுக்கு அபராதம் போடலாம், சீல் வைக்கலாம். அவ்வளவுதான் என் கையில. மூடறதுக்குச் சட்டம் இருக்கும்மா. மூடினதுக்கு அப்புறம் இவங்களை எங்க வைக்கறதுன்னு எதுலயும் எழுதல." காமுவின் பக்கம் திரும்பினாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்து வெச்சுக்கற இடம் எங்ககிட்ட கெடயாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

இந்த முறை முன்கூட்டி யாருக்கும் தெரியாமல் வந்தார்கள். டாக்டர் மாத்திரைகளை எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு கிழவருக்கும் வசந்தாவைப் போலவே புண் வைத்திருந்தது. அடுத்த வாரம் மூடும் உத்தரவு வந்தது. சடையப்பன் காமுவிடம் கோபப்படவில்லை. அவள் அறை வாசலில் வந்து நின்று, "உங்களை நான் அம்மா மாதிரி நெனச்சேன் மாமி," என்று மட்டும் சொன்னார். அதை உண்மையாகவே சொன்னார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வைப்புத் தொகையைக் கேட்டு வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். பத்ரி போனில் கூப்பிட்டான். "ஏம்மா இப்படிப் பண்ணினே? கொஞ்சம் பொறுத்துண்டு இருந்திருக்கப்படாதா?" என்றான். விசா கிடைத்ததும் வந்துவிடு, அப்பாவுக்கு அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்றான். காமு போனை வைத்துவிட்டாள்.

கடைசி நாளில் கடல் காற்று ஓயாமல் அடித்தது. சவுக்குத் தோப்பின் மணலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். சிலருடைய வீட்டார் கார்களிலும் ஆட்டோக்களிலும் வந்து, வசுமதியிடம் சண்டை பிடித்தார்கள். "நல்லாதானே இருந்தாங்க? இப்ப வூட்ல கொண்டுபோய் எங்க வெக்கிறது? நீ பாத்துக்குவியா?" என்று ஒருவர் கத்தினார். அவள் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினாள். யாரும் வராதவர்கள் நாற்காலிகளிலேயே இருந்தார்கள். செல்லம்மா தம்ளர் தம்ளராக டீ ஆற்றி ஒவ்வொரு வாயிலும் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலையும் அன்றோடு போயிற்று.

ஆண்களின் வேன் முதலில் வந்தது. ராஜகோபாலனுக்குக் காமு துவைத்த சட்டை போட்டுப் பொத்தான்களை மாட்டினாள். மாத்திரை நின்று சில நாட்களாகியிருந்ததால் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க வரலையா?" என்று கேட்டார். அந்நியரிடம் கேட்கும் மரியாதையோடுதான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

"பின்னாடி வரேன். நீங்க ஏறுங்கோ."

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பாக்க விடுவாங்கம்மா. நான் சொல்லி வெச்சிருக்கேன்," என்றாள் வசுமதி. காமு தலையசைத்தாள். அவளுக்குத் தாம்பரம் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பார்த்திருந்தார்கள். அந்த வேன் இன்னும் வரவில்லை.

இல்லத்தின் முன்கதவைப் பூட்டினார்கள். பூட்டைத் துணியால் சுற்றினான் பியூன். அரக்குக் குச்சியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தினான். காற்று அணைத்தது. மறுபடியும் கொளுத்தினான். மறுபடியும் அணைந்தது. முதுகை வளைத்து மறைத்துப் பார்த்தான். சட்டைக்குள்ளேயே புகுந்து அணைத்தது காற்று. தீப்பெட்டியில் குச்சிகள் குறைந்துகொண்டே வந்தன. உறவுக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். வசுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மணலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்வரை எல்லாரும் அந்தச் சின்னச் சுடரையே பார்த்தார்கள்.

காமு படியேறி வந்தாள். ஒன்றும் பேசாமல் பியூனுக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து மெழுகுவர்த்தியைச் சுற்றி வைத்தாள். சுடர் சாய்ந்தது, துடித்தது, நிமிர்ந்து நின்றது. அரக்கு மெல்ல இளகி நுனியில் திரண்டது. பின்னால் ஆண்களின் வேன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது; எஞ்சின் உறுமியது; மணலில் சக்கரங்கள் திரும்பின. தலையைத் திருப்பினால் கை அசையும். முதல் சொட்டு துணிமேல் விழுந்தது. காமு திரும்பாமல், விரல்களை இன்னும் நெருக்கி, அடுத்த சொட்டு திரளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.